ஊர்கள் எல்லாம் ஒரே சர்வரில், எல்லைச் சண்டை மட்டும் ஏன் தெருவில்?

வாசகர் கேள்வி, 4 ஆகஸ்ட் 2025

சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், பிறப்புச் சான்று, கட்டட அனுமதி எல்லாம் இணையத்துக்கு வந்தாயிற்று. நகராட்சிகள் ஒரே தளத்தில் இருக்கின்றன. ஆனால் பக்கத்து ஊராட்சிக் குப்பை எங்கள் வார்டு ஓரத்தில் கிடக்கிறது என்று புகார் சொன்னால், “அது வேற ஆபீஸ் சார்” என்கிறார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் எல்லாம் டிஜிட்டல் ஆனதும் இந்த எல்லைத் தகராறு தானாகத் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லலாம்.

4 ஆகஸ்ட், இரவு 9.50

மறுக்கிறேன் தம்பி. தானாக ஒன்றும் தீராது.

ஒரே தளம் என்பதே பாதிதான் உண்மை. மாநகராட்சி, நகராட்சி எல்லாம் நகராட்சி நிர்வாக இயக்ககத்தின் கீழ். பேரூராட்சிக்குத் தனி இயக்ககம். கிராம ஊராட்சி வேறு துறையே, ஊரக வளர்ச்சி. அதன் வீட்டு வரி 2023-இல்தான் இணையத்துக்கு வந்தது, அதுவும் தனித் தளம். சென்னை மாநகராட்சி எப்போதுமே தனிக் கடை. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 490 பேரூராட்சி. கிராம ஊராட்சிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். இத்தனையும் தகவலை மேலே அனுப்புகின்றன. சென்னையில் ஓர் அதிகாரி நினைத்தால் எங்கள் ஊரின் நேற்றைய வரி வசூலைக் காபி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம். எங்கள் ஊர் கமிஷனரால், எல்லையைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரிகிற ஊராட்சித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க முடியாது. போன் போட்டுக் கேட்கலாம். எடுத்தால் உண்டு.

கம்பி எல்லாம் மேல்நோக்கிப் போகிறது, பக்கவாட்டில் ஒன்றும் போவதில்லை. என் கட்சி இதுதான்.

5 ஆகஸ்ட், காலை

உதாரணம் கேட்டீர்கள். எங்கள் தெருவே போதும்.

இடப்பக்க வீடுகள் நகராட்சி. வலப்பக்க வீடுகள் ஊராட்சி. மின்கம்பம் எல்லாம் வலப்பக்கம். கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் இருட்டு. இடப்பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சித் தளத்தில் புகார் போட்டார். இரண்டாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: “தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. இவ்வலுவலக எல்லைக்குட்பட்டது அல்ல.” பக்கத்தில் பச்சை டிக்.

அந்தப் பச்சை டிக்கைக் கவனியுங்கள். நான் சில வருடம் ஒரு நகராட்சியில் ஒப்பந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே திரையில் புகாரை முடிக்கும் பெட்டியைத் திறந்தால் தீர்வு காணப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டது என்று வரும். வேறு பிரிவு என்றால் பொறியியல், சுகாதாரம், வருவாய், நகரமைப்பு. எல்லாம் அதே கட்டடத்துக்குள். பக்கத்து ஊராட்சி அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்றால் அது வேறு துறையின் தளத்தில் இருக்கிறது. ஆபரேட்டர் என்ன செய்வான்? மூடுவான். மாதாந்திரக் கூட்டத்தில் அது “முடிக்கப்பட்டவை” கணக்கில் சேரும். தெரு இருட்டாக இருப்பது எந்தக் கணக்கிலும் வராது.

5 ஆகஸ்ட், மாலை

“1100-க்குப் போட வேண்டியதுதானே அண்ணே?” என்று ஒருவர்.

போட்டோம். அந்த எண் முதல்வரின் முகவரி என்ற அரசுக் குறைதீர்ப்பு அமைப்புடையது. அது எல்லாத் துறைக்கும் பொது, அதனால் அங்கே எல்லை இடிக்காது. மனு சென்னை போய், மாவட்டத்துக்கு இறங்கி, ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) வழியாக ஊராட்சிச் செயலருக்கு வந்தது. விளக்கு எரிந்தது. குறை சொல்லவில்லை. ஆனால் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு அந்த மனு மாநிலத் தலைநகரைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறது. நேற்று நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

9 ஆகஸ்ட்

“இணைத்துவிட்டால் முடிந்தது” என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். நம் ஊரில் ஒத்துழைப்புக்கு ஒரே மருந்து இணைப்பு.

2011-இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் உள்ளே போயின. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சியும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சியும் ஒன்றாயின. அதனால் எல்லை போய்விட்டதா? தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். முடிச்சூர் அந்த இணைப்பில் சேரவில்லை, ஊராட்சியாகவே நின்றது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அடையாறு யாருடைய எல்லையில் எவ்வளவு ஓட வேண்டும் என்று யாரையும் கேட்டுக்கொண்டு ஓடவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்த வருட ஆரம்பத்தில் ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது பல ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்பதுதான் அவர்கள் பயம். நியாயமான பயம். நகராட்சிக்காரனான எனக்குத் தெருவிளக்குப் பிரச்சினை தீரும் என்பதற்காக, எதிர்வீட்டு அம்மாவின் வருமானம் போக வேண்டுமா?

9 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

இணைக்காமலே சேர்ந்து வேலை செய்ய முடியாதா என்றால், முடியும். பிரான்சில் சுமார் 35,000 கம்யூன்கள், அதாவது அடிமட்ட உள்ளாட்சிகள். சிலவற்றில் இருநூறு முந்நூறு பேர்தான் இருப்பார்கள், ஆனாலும் மேயர் உண்டு. அந்த மேயர் நாற்காலியைத் தொட அங்கே எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதில் பக்கத்துப் பக்கத்துக் கம்யூன்களைச் சுமார் 1,250 கூட்டமைப்புகளாகக் கட்டி, குப்பை, தண்ணீர், போக்குவரத்து மாதிரி வேலைகளை அவற்றிடம் கொடுத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரும் மேயரும் அப்படியே. வேலை மட்டும் பொது.

நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்காதீர்கள். நடக்கிறது, கொஞ்சம். தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன், பொறுங்கள்.

11 ஆகஸ்ட்

நாய் பற்றி எழுதிய நண்பருக்கு: ஆமாம், எங்கள் ஊரிலும் அதே கதை. கருத்தடை வண்டி எல்லைக் கல் வரை வந்து திரும்பிவிடும். நாய்கள் இதைக் கற்றுக்கொண்டன. வண்டிச் சத்தம் கேட்டால் ஊராட்சிக்குப் போய் நின்று பார்க்கின்றன. எல்லையை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே தரப்பு அவைதான்.

17 ஆகஸ்ட்

தண்ணீருக்கு முன்னால் பிறப்புச் சான்று. ஏனென்றால் பக்கவாட்டில் கம்பி போன ஒரே இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. பெற்றோர் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கணக்கில்லை. அரசு மருத்துவமனை எங்கள் நகராட்சிக்குள் இருந்தது. சுற்றுப்பட்டு ஊராட்சிகளின் குழந்தைகள் எல்லாம் எங்கள் பதிவேட்டில். எங்கள் ஊரில் வருடம் பூராவும் குழந்தை மழை பொழிகிறது என்று புள்ளிவிவரத்தைப் பார்த்த எவரும் நினைப்பார்கள்.

அந்த நாட்களில் கவுண்டருக்கு ஒரு பெண் வருவார், கையில் குழந்தை, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில். முதலில் ஊராட்சி ஆபீஸ் போயிருப்பார், “இங்கே இல்லைம்மா” என்று அனுப்பியிருப்பார்கள். பஸ் ஏறி எங்களிடம் வந்தால், பதிவேட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கும். குழந்தைக்குப் பெயர் சேர்க்க ஒரு வருடத்துக்குள் வந்தால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஒரு வருடத்துக்கு ஒரு வாரம் தாண்டி வருகிறவர்கள்தான் அதிகம். ஏன் என்று கேட்டால், முதல் ஆறு மாதம் எந்த ஆபீஸ் என்றே தெரியவில்லை என்பார்கள்.

இப்போது பெரும்பாலும் அந்த அலைச்சல் இல்லை. மாநிலம் முழுவதும் ஒரே பதிவு முறை, மருத்துவமனையே பதிவை ஏற்றுகிறது, சான்றை வீட்டிலிருந்தே இறக்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை இந்த ஒரு தாளே ஆதாரம் என்று சட்டம் மாறியதால் இதன் மதிப்பும் கூடிவிட்டது.

இங்கே மட்டும் ஏன் முடிந்தது? கம்ப்யூட்டர் வந்ததால் அல்ல. யார் பொறுப்பு என்பதை 1969-லேயே சட்டம் ஒரே வரியில் முடித்துவைத்துவிட்டது. கம்ப்யூட்டர் அந்த வரியைப் பின்தொடர்ந்து வந்தது. எங்கள் தெருவிளக்குக்கு அப்படி ஒரு வரி இல்லை. எத்தனை சர்வர் போட்டாலும் அது இருட்டில்தான் தேடும்.

24 ஆகஸ்ட்

தண்ணீர்.

கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்ற பெயர் எல்லோரும் கேட்டதுதான். ஆற்றிலோ அணையிலோ ஓரிடத்தில் எடுத்து, சுத்திகரித்து, வழியிலுள்ள நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய குழாய். 1971-இல் தொடங்கிய குடிநீர் வடிகால் வாரியம் இதைத்தான் ஊர் ஊராகச் செய்துகொண்டிருக்கிறது. ஒகேனக்கல் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, காவிரியிலிருந்து ராமநாதபுரத்துக்கு ஒன்று, கோவைப் பக்கம் பில்லூர். இதில் வாரியம் ஒவ்வொரு ஊரின் தரைத்தொட்டிக்கும் தண்ணீரைக் கொண்டுவந்து விடும், அளவுமானி ஓடும், அந்த அளவுக்கு உள்ளாட்சி வாரியத்துக்குப் பணம் கட்டும். இங்கேயும் கணக்கு செங்குத்தாகத்தான் போகிறது. வாரியம் ஊருக்கு, ஊர் வாரியத்துக்கு. ஊருக்கும் ஊருக்கும் பேச்சு இல்லை.

ஆனால் குழாய் ஒன்று. முதலில் இருக்கிற ஊர் வால்வை ஒரு சுற்று கூடத் திறந்தால் கடைசி ஊரின் தொட்டிக்கு ஏறாது. அப்புறம் கடைசி ஊர்ப் பெண்கள் காலிக் குடத்தோடு சாலையில் உட்காருவார்கள், பஸ் நிற்கும், தாசில்தார் வருவார். எங்கள் பக்கமும் கோடைக்குக் கோடை இதுதான்.

இதை ஒருவர் மாற்றினார். அதிகாரி இல்லை. எங்கள் நகராட்சியின் நீரேற்று நிலைய ஆபரேட்டர், ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் பாக்கி. வழியிலுள்ள எல்லா ஊர்த் தொட்டி ஆபரேட்டர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். குழுவின் பெயர் “லைன் தண்ணி”. அதில் வரும் செய்தி எல்லாம் இப்படித்தான் இருக்கும்: “மெயின் லைன் வந்தாச்சு 4.10”, “எங்க தொட்டி நெறஞ்சிருச்சு, மூடுறேன்”, “பாலத்துகிட்ட லீக், போட்டோ பாருங்க”, “அண்ணே அரை மணி தாங்க, கல்யாண வீடு இருக்கு”. கடைசிச் செய்திக்கு யாரும் இல்லை என்று சொன்னதாக நினைவில்லை. மொய் வைப்பது போல, இன்று கொடுத்தால் நாளை திரும்பி வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வட்டாரத்தின் டிஜிட்டல் வலைப்பின்னல் எது என்று யாராவது கேட்டால் நான் கைகாட்டுவது இந்தக் குழுவைத்தான். மதிப்பீடு, டெண்டர், திறப்பு விழா ஒன்றும் கிடையாது.

25 ஆகஸ்ட்

“குழுவின் அட்மின் ஓய்வு பெற்றால்?” என்று கேட்டவருக்கு: அதுதான் பயம். அதைப் பற்றித் தனியாக.

6 செப்டம்பர்

எஸ்தோனியாவைக் கொண்டுவந்துவிட்டார்கள். வரும் என்று தெரியும்.

ஒரு திருத்தம். “எஸ்தோனியா மாதிரி எல்லாத் தகவலையும் ஒரே சர்வரில் போட வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடப்பது நேர் எதிர். 2001-இல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்பது ஒரு கிடங்கு இல்லை, ஒரு வழி. ஒவ்வொரு அலுவலகமும் தன் தகவலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இன்னொருவருக்குத் தேவையானால் அந்த வழியில் கேட்க வேண்டும். கேட்டது யார், எப்போது என்பது பதிவாகும். மையத்தில் குவிப்பது கிடையாது. பின்லாந்தும் அதையே எடுத்துக்கொண்டது. 2017-இல் இரண்டு நாடும் சேர்ந்து அதைப் பராமரிக்க எஸ்தோனியத் தலைநகர் தாலினில் ஒரு நிறுவனம் வைத்தன, பிறகு ஐஸ்லாந்தும் சேர்ந்தது. 2019 ஜனவரியிலிருந்து பின்லாந்து மருத்துவர் எழுதிய மின்மருந்துச் சீட்டுக்கு எஸ்தோனியக் கடையில் மருந்து வாங்க முடிகிறது.

இரண்டு தனி நாடுகளுக்கு நடுவே மருந்துச் சீட்டு கடலைத் தாண்டுகிறது. எங்கள் தெருவிளக்கு தெருவைத் தாண்டவில்லை. வயிறு எரிகிறதா இல்லையா?

ஆனால் அது நாட்டுக்கும் நாட்டுக்கும் நடந்தது. பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் தாங்களாகவே சேர்ந்து செய்த கதை வேண்டுமென்றால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போக வேண்டும். என் மச்சான் அங்கே வேலை பார்க்கிறார், அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். அப்புறம் தேடிப் படித்தேன்.

7 செப்டம்பர்

யூட்டா கதை கொஞ்சம் நீளம்.

சின்னச் சின்ன ஊர்கள். பெரிய கேபிள், தொலைபேசிக் கம்பெனிகள் வீட்டுக்கு வீடு இணையத்துக்கான கண்ணாடி இழை போட வரவில்லை, லாபம் போதாது. 2002-இல் பக்கத்து ஊர்கள் பல சேர்ந்து ஒரு பொது அமைப்பு வைத்தன, பெயர் யுடோப்பியா. இழையை ஊர்கள் போடும், யார் வேண்டுமானாலும் அதன் மேல் இணையச் சேவை விற்கலாம் என்பது ஏற்பாடு. பரந்த மனசால் வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். நகராட்சி நேரடியாக வீடுகளுக்குச் சேவை விற்பதற்கு மாநிலம் முந்தைய வருடம்தான் ஒரு சட்டத்தால் முட்டுக்கட்டை போட்டிருந்தது.

கடன் வாங்க வேண்டும், யார் பொறுப்பு? பதினோரு ஊர்கள் தங்கள் விற்பனை வரி வருவாயை ஈடு வைத்தன. ஓரம், மர்ரே, லேட்டன், வெஸ்ட் வேலி சிட்டி, சென்டர்வில், பிரிகாம் சிட்டி, இன்னும் சில. பக்கத்திலிருந்த பெரிய அண்ணன் சால்ட் லேக் சிட்டி கையெழுத்துப் போடவில்லை. பெரிய ஊருக்குச் சின்ன ஊர்களின் அவசரம் புரிவதில்லை என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

திட்டம் திணறியது. நினைத்த அளவுக்கு இணைப்பு விற்கவில்லை, பாதி ஊர்களில் இழை பாதித் தெருவோடு நின்றது. 2008-இல் கடனை மாற்றி எழுதியபோது அது 185 மில்லியன் டாலர், தவணை 2040 வரை. இணைப்பே வராத தெருக்காரர்களும் வரிப்பணத்தில் தவணை கட்டினார்கள். சண்டை வந்திருக்காதா? தேர்தலுக்குத் தேர்தல் அதுதான் பேச்சு. பக்கத்தில் பிரோவோ என்ற ஊர் யாரோடும் சேராமல் தனியாக ஒரு வலைப்பின்னல் கட்டியது, சுமார் 39 மில்லியன் டாலர் செலவு. 2013-இல் அதைக் கூகுளுக்கு ஒரு டாலருக்கு விற்றது. கடன் மட்டும் ஊர் தலையில். 2014-இல் ஒரு ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம் யுடோப்பியா ஊர்களிடம் வந்து, வீட்டுக்கு வீடு மாதக் கட்டணம் வசூலித்துக் கொடுத்தால் மீதியை நாங்கள் கட்டி முடிக்கிறோம் என்றது. பதினோரு ஊர்களில் ஆறு பேச்சைத் தொடரச் சம்மதித்தன, ஐந்து மாட்டோம் என்றன. கடைசியில் அது நடக்கவில்லை.

ஆனாலும் பிரியவில்லை. முன்பே 2010-இல் எட்டு ஊர்கள் கூடி இன்னொரு அமைப்பு வைத்து, வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட இடத்தில் மட்டும் இழை போடுவது என்று மெல்ல நகர்ந்தார்கள். 2022-இல் பதினோரு ஊர்களிலும் வேலை முடிந்தது. தொடங்கி இருபது வருடம்.

மச்சான் இதை வெற்றிக் கதை என்கிறார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இணைப்பு வராமலே பல வருடம் தவணை கட்டியவனிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது வேறு. கையெழுத்தில் பணம் இருந்தது. மேயர் மாறினாலும், கவுன்சில் மாறினாலும், எழுந்து போக முடியவில்லை. உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் பேசுகிறார்கள்.

8 செப்டம்பர்

“நம் நகராட்சிகள் சேர்ந்து எதுவுமே செய்ததில்லை” என்று எழுதியவருக்கு. செய்திருக்கின்றன. 2002-இல் தமிழ்நாட்டில் பத்துப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட சிறிய நகர உள்ளாட்சிகள் தண்ணீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காகச் சேர்ந்து, ஒரு பொது நிதியம் வழியாகச் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் சந்தையில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் வருடத் தவணையில் ஒன்பதில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்பது மாதத்தில் வருடத் தவணை சேர்ந்துவிடும். அடுத்து 2005-இல் பெங்களூரைச் சுற்றியிருந்த எட்டு உள்ளாட்சிகள் தண்ணீருக்காக இதே வழியில் 100 கோடி திரட்டின. யெலகங்கா, மகாதேவபுரா, கெங்கேரி எல்லாம் அதில் உண்டு. 2007-இல் அந்த எட்டையும் பெங்களூர் மாநகராட்சியோடு இணைத்துவிட்டார்கள். சேர்ந்து நடக்கப் பழகிய உடனே சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

8 செப்டம்பர், இரவு

ஒத்துழைப்பு என்றாலே நல்லது என்று இதுவரை நானே எழுதிக்கொண்டு போகிறேன் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் மூன்றுக்குமாகப் போட்ட குப்பைத் திட்டம் எங்கே போனது? வெங்கடமங்கலத்துக்கு. அது ஒரு கிராம ஊராட்சி. ஆலந்தூர் 2011-இல் சென்னையோடு போய்விட்டது. மற்ற இரண்டு ஊர்க் குப்பையும் அங்கே போனது, அந்த ஊர்க்காரர்கள் நாற்றத்தோடு போராடினார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. பெரியவர்கள் இரண்டு பேர் ஒத்துழைத்தால் மூன்றாவதாக ஒரு சின்னவன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

13 செப்டம்பர்

இல்லை, வெங்கடமங்கலத்தை வைத்து “அதனால்தான் எல்லாம் மாநில அரசே செய்ய வேண்டும்” என்று முடிக்க முடியாது. அந்தத் திட்டமும் மேலிருந்து வந்ததுதான்.

24 அக்டோபர்

இந்தப் பேச்சை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மழை.

தீபாவளி முடிந்து இரண்டாம் நாள் ராத்திரி. எங்களுக்கு மேலே இருக்கிற ஏரி பொதுப்பணித் துறைக் காலத்து ஏரி, இப்போது நீர்வளத் துறை. அதன் கலங்கல், அதாவது ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் இடம், ஊராட்சிக்குள் இருக்கிறது. உபரி நீர் ஊராட்சி வழியாக வந்து எங்கள் வார்டில் ஒரு சிறுபாலத்தின் அடியில் புகுந்து போகும். அந்தப் பாலத்தில் பிளாஸ்டிக், தேங்காய் மட்டை, கோயில் வாழைமரம் எல்லாம் அடைத்திருந்தது.

பதினொரு மணி சுமாருக்கு, ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர் “லைன் தண்ணி” குழுவில் ஒரு படம் போட்டார். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் கலங்கல் மேல் தண்ணீர், ஒரு ஆள் கணுக்கால் அளவு. கீழே: “தாண்டிருச்சு. உங்க பக்கம் பாத்துக்கங்க.” குழுவில் இருந்த எங்கள் ஆபரேட்டர் அதைத் துப்புரவு ஆய்வாளருக்கு அனுப்ப, அவர் இரண்டு பேரையும் ஒரு ஜே.சி.பி.யையும் கூட்டிக்கொண்டு வந்து பாலத்தைக் குத்திவிட்டார். எங்கள் தெருவில் வாசல்படி வரை வந்து நின்றது. நான் வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு மணி சுமாருக்கு இறங்க ஆரம்பித்தது.

கவனியுங்கள், ஊராட்சியில் அன்று தலைவர் என்று யாரும் இல்லை. எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம். அவர் கையில் எத்தனையோ ஊராட்சிகள், அந்த ராத்திரியில் எதைப் பார்ப்பார்?

26 அக்டோபர்

“இந்தக் குழுவை அதிகாரபூர்வமாக்க மனுக் கொடுப்போம்” என்று நால்வர்.

அந்த மழை ராத்திரியில் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். யோசித்தால் கை வரவில்லை. அதிகாரபூர்வமானால் முதலில் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) சேருவார், அப்புறம் கமிஷனர், அப்புறம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒருவர். காலை வணக்கம், சுற்றறிக்கை, ஆய்வுக் கூட்டப் படம். “அண்ணே அரை மணி தாங்க, கல்யாண வீடு இருக்கு” என்று அதற்குப் பிறகு எவன் எழுதுவான்? அரை மணி கொடுத்தவனுக்கு மெமோதான்.

அதே சமயம், எழுதி வைக்காவிட்டால் அந்த ஒரு மனிதர் ஓய்வு பெற்றதும் எல்லாம் கலைந்துவிடும். சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. பக்கத்து உள்ளாட்சிகள் கூட்டுக் குழு வைத்துக்கொள்ள 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வழி இருந்தது. 74-ஆவது திருத்தத்தில் வந்த மாவட்டத் திட்டக்குழுவைப் பற்றி 243 இசட்.டி. பிரிவில் படியுங்கள்: ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்கள், தண்ணீர்ப் பகிர்வு உட்பட, என்று அச்சு அச்சாக இருக்கிறது. அரசியல் சட்டத்தில் இருப்பது எங்கள் தெருவுக்கு வரவில்லை.

இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம். குழுவில் இருக்கும் எண்கள் ஆட்களின் சொந்த எண்கள். அதைப் பதவிக்கு ஒரு சிம் என்று மாற்றினால் போதும். ஆபரேட்டர் மாறினால் சிம் அடுத்தவர் கைக்குப் போகும், குழு அப்படியே இருக்கும். வேறு யாரும் உள்ளே வர வேண்டாம். ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் மாதம் இருநூறு முந்நூறு ரூபாய், யாருடைய ஒப்புதலும் பெரிதாகத் தேவைப்படாத தொகை. இதை மட்டும் கேட்டு எங்கள் கவுன்சிலரிடம் சொல்லியிருக்கிறேன். “இதுக்கு எந்தத் தலைப்புல செலவு எழுதுறது?” என்றார். நியாயமான கேள்வி. தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறோம்.

2 நவம்பர்

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார், தங்கள் ஊரில் எங்கிருந்து தொடங்கலாம் என்று. குப்பையை விடுங்கள், அது சண்டையில் முடியும். சிறுபாலத்திலிருந்து தொடங்குங்கள். எல்லையில் இருக்கிற பாலங்கள் பெரும்பாலும் இரண்டு அலுவலகத்தின் சொத்துப் பதிவேட்டிலும் இருக்காது. நகராட்சிக்குள் டவுன் சர்வே எண், வார்டு, பிளாக் என்று போகும். ஊராட்சிக்குள் கிராம சர்வே எண். இரண்டுக்கும் படம் நிலப்பதிவுத் தளத்தில் தேடினால் கிடைக்கும், கிடைக்காததைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். இரண்டையும் பிரிண்ட் எடுத்து ஓரத்தோடு ஓரம் ஒட்டிப் பாருங்கள். அளவுகோல் வேறு வேறாக இருக்கும், ஜெராக்ஸ் கடையில் சொல்லிப் பெரிதாக்க வேண்டும். ஒட்டுகிற கோட்டின் மேல் எத்தனை பாலம் விழுகிறது என்று எண்ணி, நேரில் போய் ஒவ்வொன்றின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அதற்கு முன் யாருக்கும் மனு வேண்டாம்.

எங்கள் பக்கம் அடுத்த ஞாயிறு காலை போகிறோம். பக்கத்து ஊர் நண்பர்கள் வரலாம். டேப் இருந்தால் எடுத்து வாருங்கள், என்னுடையது 5 மீட்டர்தான்.